டவுன் பேமென்ட் போக இன்னும் 23,000 டாலர் எதற்கு?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவரும் நானும் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறோம். இதே ஊரில் 12.5 லட்சம் டாலருக்கு ஒரு தனி வீடு முடிவாகியிருக்கிறது. ஏப்ரல் 16, வியாழக்கிழமை க்ளோசிங், அதாவது வீடு எங்கள் பெயருக்கு மாறும் நாள். 20 சதவீதம் டவுன் பேமென்ட், அதாவது 2.5 லட்சம். அதில் 37,500 டாலரை எஸ்க்ரோவில் கட்டிவிட்டோம். மீதி 2,12,500 என்று எடுத்து வைத்திருந்தோம். இப்போது எஸ்க்ரோ ஆபீஸ் அனுப்பிய உத்தேசக் கணக்கில் 2,35,871 டாலர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதே தாளில் 'எஸ்க்ரோ' என்ற சொல் ஒரு இடத்தில் கட்டணமாகவும் இன்னொரு இடத்தில் இருப்பாகவும் வருகிறது. எங்களை ஏமாற்றுகிறார்களா? பற்றாக்குறைக்காகக் கோவையிலிருந்து அப்பா 50,000 டாலர் அனுப்புகிறேன் என்கிறார், இப்போது அனுப்பலாமா? என் அண்ணன் சென்னைக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. சான் ரமோனில் உள்ள அவருடைய வீட்டை விற்றால் 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறாராம், உண்மையா? கடைசியாக, 16-ம் தேதி மாலையே பால் காய்ச்சலாமா? அத்தை நாள் பார்த்துவிட்டார்.

– ஒரு வாசகி, ஃப்ரீமான்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தாளை வரி வரியாகப் பார்த்தேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் விளக்கவும் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். பத்தொன்பது வருடமாக இந்த ஈஸ்ட் பே பகுதியில் எஸ்க்ரோ ஆபீசராக வேலை செய்கிறேன். வாழ்நாளிலேயே பெரிய தொகையைக் கொடுக்கப்போகிற குடும்பங்கள் இந்தக் கணக்கைக் கடைசி நேரத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கின்றன.

உங்களுக்குக் கூடுதலாக வந்திருப்பது 23,371 டாலர். அதில் 9,921 டாலர் வீடு வாங்கும் செலவே அல்ல. வட்டி, இன்ஷூரன்ஸ், சொத்து வரி என்று நீங்கள் எப்படியும் கட்டப்போகிற பணத்தை முன்னதாகக் கட்டுகிறீர்கள். மீதி 13,450-தான் உண்மையான செலவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், எங்கே பேரம் பேசலாம், எங்கே பேசி பயனில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் எஸ்க்ரோ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் வீடு பேசி முடித்ததும் அக்ரிமென்ட் போட்டு, அட்வான்ஸை விற்பவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். அவர் பின்வாங்கினால் அந்தப் பணத்துக்காக அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இங்கே அந்த அட்வான்ஸ் விற்பவர் கைக்கே போவதில்லை. இருவருக்கும் பொதுவான மூன்றாம் ஆளிடம் இருக்கும். உங்கள் பணம், லோன் கொடுப்பவரின் பணம், விற்பவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் மூன்றும் அவரிடம் வந்து சேர வேண்டும். எழுதிக் கொடுத்த நிபந்தனை எல்லாம் நிறைவேறிய பிறகுதான் பணம் அந்தப் பக்கமும் பத்திரம் இந்தப் பக்கமும் போகும். 'எஸ்க்ரோ' என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் சுருளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. எழுதிய ஓலையை, பேச்சு நிறைவேறும்வரை நடுவர் ஒருவர் கையில் கொடுத்து வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் இந்த வேலையைப் பெரும்பாலும் வக்கீல்கள் பார்க்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் தனி எஸ்க்ரோ கம்பெனிகள், நம் வடக்குப் பகுதியில், சொத்தின் உரிமையைத் தேடிச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனிகளே பார்க்கின்றன. யார் பார்த்தாலும் ஒன்று மாறாது. எஸ்க்ரோ ஆபீசர் உங்கள் ஆளும் இல்லை, விற்பவர் ஆளும் இல்லை. இந்தக் கட்டணம் அதிகமா, இந்த வீட்டை வாங்கலாமா என்று என் மேசையில் உட்கார்ந்து கேட்டால் நான் பதில் சொல்லக்கூடாது. இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்திட்டதை மட்டுமே செய்ய முடியும். அதனால்தான் நீங்களே படிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் 37,500 டாலருக்கும் இதே விதிதான். வீட்டுச் சோதனை, லோன், மதிப்பீடு ஆகியவற்றுக்கான நிபந்தனைகளை நீங்கள் எழுத்தில் விலக்கிக்கொள்ளும்வரை, முறைப்படி விலகினால் அந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டியது. நிபந்தனைகளை விலக்கிய பிறகு காரணமில்லாமல் விலகினால் போய்விடலாம். குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு, ஒப்பந்தத்தில் அதற்கான பிரிவில் இருவரும் கையொப்பமிட்டிருந்தால், விற்பவர் வைத்துக்கொள்ளக்கூடியது பொதுவாக விலையில் 3 சதவீதம்தான். உங்களுடையது சரியாக 3 சதவீதம். திருப்பித் தருவதாக இருந்தாலும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், நானாக எடுத்துத் தர முடியாது. ஆகவே நிபந்தனை விலக்கும் படிவத்தில், ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். லோன் உறுதி என்று லோன் ஆபீசரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு போடுங்கள்.

இப்போது இரண்டாவது எஸ்க்ரோ. க்ளோசிங் முடிந்த அன்றே எங்கள் எஸ்க்ரோ மூடப்படும். உங்கள் தாளில் 'இருப்பு' என்று வருவது லோன் நிறுவனம் வைத்திருக்கும் வேறொரு கணக்கு. கலிஃபோர்னியாவில் அதை இம்பவுண்ட் கணக்கு என்போம், மற்ற மாநிலங்களில் அதையும் எஸ்க்ரோ என்றே சொல்வதால்தான் குழப்பம். மாதத் தவணையோடு சொத்து வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சேர்த்து வாங்கி, பில் வரும்போது அவர்களே கட்டுவார்கள். அந்தக் கணக்கைத் தொடங்கத்தான் இப்போது 4,200 டாலர் கேட்கிறார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்றும் பாருங்கள். உங்கள் வரி வருடத்துக்கு 15,000, மாதம் 1,250. முதல் தவணை ஜூன் 1. நவம்பர் வரை ஆறு தவணை சேர்ந்தால் 7,500, டிசம்பர் 10-க்குள் கட்ட வேண்டிய அரையாண்டு வரி சரியாகிவிடும். அடுத்த அரையாண்டு ஏப்ரல் 10-க்குள். அதற்கு ஐந்து தவணைதான் சேரும், ஒரு மாதம் குறையும். அந்த ஒரு மாதமும், சட்டம் அனுமதிக்கும் இரண்டு மாதக் கையிருப்பும் சேர்ந்து 3,750. இன்ஷூரன்ஸுக்கும் இதே கணக்கில் 450. இரண்டு மாதத்துக்கு மேல் கையிருப்பு வைக்க 1974-ம் ஆண்டின் ரெஸ்பா என்ற மத்தியச் சட்டம் விடாது. வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, 50 டாலரோ அதற்கு மேலோ மிஞ்சினால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்றும் நீங்கள் சொல்லலாம். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு, கடன் விலையில் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், கலிஃபோர்னியாவில் பொதுவாக இம்பவுண்டைக் கட்டாயப்படுத்த முடியாது. சில நிறுவனங்கள் அதற்காக வட்டியிலோ கட்டணத்திலோ கொஞ்சம் ஏற்றுவார்கள், கேட்டுப் பாருங்கள். டிசம்பரிலும் ஏப்ரலிலும் 7,500 டாலரை மறக்காமல் எடுத்து வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் இருக்கட்டும்.

முன்னதாகக் கட்டும் பணத்தில் மற்றவை சின்னவை. ஒரு வருட இன்ஷூரன்ஸ் 1,800. ஏப்ரல் 16 முதல் 30 வரை வட்டி, 10 லட்சம் டாலர் கடனுக்கு 6.5 சதவீதத்தில் ஒரு நாளைக்கு சுமார் 178 டாலர் வீதம் 2,671. மாதக் கடைசியில் க்ளோஸ் செய்தால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். 29-ம் தேதி முடித்தால் இந்த வட்டி 356 டாலராகக் குறைந்து தெரியும், உண்மைதான். ஆனால் அந்தப் பதின்மூன்று நாள் பணம் உங்கள் கையில் இருக்காமல் வாடகை வீட்டுக்குப் போகும். கையில் ரொக்கம் இழுபறியாக இருந்தால் மட்டும் தேதியைத் தள்ளுவதில் அர்த்தம் உண்டு.

கடைசியாக, விற்பவருக்குத் திருப்பித் தரும் 1,250 டாலர் வரி. ஜூன் 30 வரைக்கும் அவர் கட்டிவிட்டார், அதில் 75 நாள் நீங்கள் வீட்டில் இருக்கப்போகிறீர்கள். இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அவருடைய வருட வரி 6,000 டாலர்தான், உங்களுக்குப் போட்டிருப்பதோ 15,000. 1978-ல் வந்த 13-வது முன்மொழிவு என்ற சட்டத்தால் சொத்தின் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கைமாறும்போது மட்டும் அன்றைய விலைக்குத் தாவும். அவர் பெயரில் 5 லட்சமாக இருந்த மதிப்பு உங்கள் பெயரில் 12.5 லட்சமாகும்.

உங்கள் தாளில் எழுதாத செலவு இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வரி மதிப்பு ஏறிய வித்தியாசத்துக்குக் கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தனியாக ஒரு பில் அனுப்பும். சப்ளிமென்டல் பில் என்று பெயர். ஜனவரி 1-க்கும் மே 31-க்கும் நடுவில் வீடு கைமாறினால் அது இரண்டு பில்லாக வரும். உங்கள் கணக்குப்படி வித்தியாசம் 7.5 லட்சம், அதற்கு வருடத்துக்குச் சுமார் 9,000 டாலர். மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 1,500, ஜூலையில் தொடங்கும் வருடத்துக்கு 9,000. இவை பெரும்பாலும் லோன் நிறுவனத்துக்குப் போகாது, உங்கள் தபால் பெட்டிக்குத்தான் வரும். வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். 'இம்பவுண்டில்தான் வரி கட்டுகிறோமே' என்று அந்தக் கவரைப் பிரிக்காமலே ஓரம் வைத்து, அபராதம் கட்டியவர்கள் நிறைய. நானும் என் முதல் வீட்டில் அதைத்தான் செய்தேன், இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால். இன்னொரு பக்கம், அந்த முதல் வருடத்தில் வழக்கமான பில் பழைய மதிப்பில்தான் வரும். ஆகவே லோன் நிறுவனம் உங்களிடம் 15,000 கணக்கில் வசூலித்து 6,000-தான் கட்டியிருக்கும். மிஞ்சியது வருடக் கணக்கில் திரும்பும், ஆனால் சப்ளிமென்டல் பில் அதற்குக் காத்திருக்காது. அதனால் க்ளோசிங் முடிந்ததும் கையில் 10,500 டாலர் தனியாக இருக்கட்டும். உங்கள் அப்பாவின் பணத்தைப் பற்றி முடிவு செய்யும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையான செலவுக்கு வருவோம். 13,450-ல் லோன் நிறுவனத்துக்கு 6,450. அதில் 5,000 டாலர், வட்டியைக் குறைக்க நீங்கள் வாங்கியிருக்கும் அரை பாயின்ட், அதாவது கடனில் அரை சதவீதம். இது கட்டாயக் கட்டணம் இல்லை. பாயின்ட் இல்லாமல் வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். மாதத் தவணையில் வரும் வித்தியாசத்தால் 5,000-ஐ வகுத்தால் எத்தனை மாதத்தில் ஈடாகும் என்று தெரியும். எச்-1பி-யில் இருக்கிறீர்கள். வேலை மாறலாம், ஊர் மாறலாம், வட்டி குறைந்தால் மறுகடன் வாங்கலாம். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும் என்று வந்தால் நான் வாங்க மாட்டேன்.

டைட்டிலுக்கும் எஸ்க்ரோவுக்கும் 7,000. எஸ்க்ரோ கட்டணம் 2,700, உங்கள் பெயரில் டைட்டில் இன்ஷூரன்ஸ் 2,900, லோன் நிறுவனத்தின் பெயரில் 950, நோட்டரியும் பதிவும் 450. டைட்டில் இன்ஷூரன்ஸ் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். நம்மூரில் வில்லங்கச் சான்று போட்டு, வக்கீலிடம் மூலப்பத்திரம் காட்டுவோம். பத்து வருடம் கழித்து ஒரு பங்காளி கேஸ் போட்டால் அந்தச் சான்றைக் கொடுத்தவர் வந்து நிற்கமாட்டார். இங்கே தேடிப் பார்த்த கம்பெனியே அதற்குப் பொறுப்பேற்கிறது. ஒருமுறை கட்டினால் போதும், வீடு உங்களிடம் உள்ளவரை காப்பு. லோன் நிறுவனத்தின் பாலிசி அவர்களை மட்டுமே காக்கும், அதனால் உங்கள் பாலிசியை விடாதீர்கள். கையெழுத்துக்கு முன் டைட்டில் கம்பெனி தரும் முதல்நிலை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேறொருவர் நடக்கும் பாதை உரிமை, கட்டாத வரி, பழைய கடன் எல்லாம் அதில்தான் இருக்கும்.

இந்த 7,000-ஐ யார் கட்டுவது என்பது சட்டம் இல்லை, வழக்கம். உங்கள் ஊர் இருக்கும் அலமேடா கவுன்டியில் வாங்குபவர் கட்டுவது வழக்கம். பக்கத்து மில்பிடாஸில், அதாவது சான்டா கிளாரா கவுன்டியில், எஸ்க்ரோ கட்டணமும் உங்கள் பாலிசியும் விற்பவர் தலையில் விழும். கவுன்டி எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு இருந்திருந்தால் உங்களுக்கு 5,600 டாலர் குறைந்திருக்கும். ஒப்பந்தத்தில் எழுதியதுதான் நிற்கும் என்பதால் இனி மாற்றுவது கடினம். வீட்டுச் சோதனையில் ஏதாவது குறை தெரிந்து விற்பவர் இறங்கிவந்தால், விலையைக் குறைக்கச் சொல்வதைவிடக் க்ளோசிங் செலவுக்கு அவர் தொகை தரும்படி கேளுங்கள். கையிலிருந்து கொடுக்கும் ரொக்கம் உடனே குறையும்.

கைமாற்று வரி உங்கள் தாளில் இல்லை, அது விற்பவர் பக்கம். கவுன்டிக்கு ஆயிரத்துக்கு 1.10 டாலர், மொத்தம் 1,375. இதே வீடு ஓக்லாந்தில் இருந்தால் நகராட்சிக்கு மட்டும் 1.5 சதவீதம், 18,750 டாலர். அதில் பாதியை வாங்குபவர் கட்டுவது அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டிய நம் பெற்றோருக்கு 1,375 டாலர் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அங்கே வாசலில் ஒருமுறை வாங்கிவிடுகிறார்கள், இங்கே வருடா வருடம் 15,000 என்று வாங்குகிறார்கள்.

இன்னொன்று, உங்கள் ஏஜென்டின் கமிஷன். 2024 ஆகஸ்ட் 17-லிருந்து வீடு பார்க்கப் போவதற்கு முன்பே வாங்குபவர் தன் ஏஜென்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது. நீங்களும் போட்டிருப்பீர்கள். உங்கள் தாளில் கமிஷன் இல்லை என்றால் விற்பவர் தர ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இருந்தாலும் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

எஸ்க்ரோ அனுப்பிய தாள் உத்தேசம்தான். லோன் நிறுவனம் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்று ஐந்து பக்கத் தாள் அனுப்பும், அதுதான் முக்கியம். கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்னதாக அது உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள். 14-ம் தேதி, தமிழ்ப் புத்தாண்டன்று கையெழுத்து என்றால், 10-ம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வந்திருக்க வேண்டும். வந்ததும், விண்ணப்பித்தபோது கொடுத்த லோன் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாக, லோன் நிறுவனத்தின் சொந்தக் கட்டணங்கள் ஒரு டாலர்கூட ஏறக்கூடாது. பதிவுக் கட்டணமும், அவர்கள் கொடுத்த பட்டியலிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த சேவைகளும் மொத்தமாக 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் க்ளோசிங் முடிந்து 60 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். வட்டி, இன்ஷூரன்ஸ், இம்பவுண்ட் இவற்றுக்கு அந்த வரம்பு இல்லை.

அப்பாவின் பணம் வரலாம், ஆனால் இன்றே லோன் ஆபீசரிடம் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கணக்கின் இரண்டு மாத வரவு செலவை அவர்கள் பார்க்கிறார்கள். திடீரென்று 50,000 டாலர் வந்தால் எங்கிருந்து என்று கேட்பார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை என்று அப்பா எழுதும் அன்பளிப்புக் கடிதம், அவருடைய வங்கிக் கணக்கு விவரம், பணம் அனுப்பிய ரசீது மூன்றும் வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும், கோவையிலிருந்து நேராக எஸ்க்ரோவுக்கு அனுப்ப வேண்டாம். அங்கிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதத்தை டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியாக வங்கி பிடிக்கும். பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அப்பாவின் பணம் முடங்கும். மார்ச் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. 10 லட்சத்தை மார்ச் 31-க்குள்ளும் 10 லட்சத்தை ஏப்ரல் 1-க்குப் பிறகும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டின் வரம்பும் கிடைக்கும். அம்மாவுக்குத் தனிச் சேமிப்பு இருந்தால் அவர் பங்கையும் அப்படியே அனுப்பலாம். உங்களுக்கு இங்கே இதற்கு வரி இல்லை. ஒரு வருடத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால்தான் 3520 என்ற படிவத்தில் அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்-க்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் படியுங்கள். எஸ்க்ரோவுக்குப் பணம் அனுப்பும் கணக்கு எண்ணை ஈமெயிலில் வந்ததை வைத்து மட்டும் நம்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு, என் பெயரில், என் கையொப்பத்தோடு, கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு ஈமெயில் போயிருக்கிறது. அனுப்பிய முகவரியில் ஒரே ஒரு எழுத்து வேறு. காலையில் பணத்தை அனுப்பிவிட்டு, மாலையில் 'வந்துவிட்டதா?' என்று எனக்கு போன் செய்தார்கள். அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. வங்கியையும் எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார் மையத்தையும் அன்றே பிடித்ததால் பெரும்பகுதி திரும்ப வந்தது. இரண்டு மூன்று நாள் தாமதித்திருந்தால் வந்திருக்காது. எஸ்க்ரோ ஆபீசுக்கு முதலில் நேரில் போனபோது வாங்கிய எண்ணுக்கு நீங்களே போன் செய்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். ஈமெயிலில் உள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். 15-ம் தேதி காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும்போது வீட்டை இருவர் பெயரிலும் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். அதற்கும் நாங்கள் யோசனை சொல்லக்கூடாது. முன்பே ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். கணவன் மனைவிக்கு, ஒருவருக்குப் பின் மற்றவருக்கு நீதிமன்றம் போகாமல் சேரும்படி எழுதும் வகைகள் உண்டு.

உங்கள் அண்ணன் விஷயம். அவருடைய ஏஜென்ட் சொன்னது சரி. ஃபிர்ப்டா என்ற சட்டப்படி, வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவர் அமெரிக்காவில் வீடு விற்றால் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்-க்கு அனுப்ப வேண்டும். லாபத்தில் அல்ல, விலையில். 14 லட்சத்துக்கு விற்றால் 2,10,000 டாலர். வாங்குபவர் குடியிருக்கப்போகிறார், விலையும் 10 லட்சத்தைத் தாண்டவில்லை என்றால் 10 சதவீதம். பிடிக்காவிட்டால் பொறுப்பு வாங்குபவர் மேல் விழும் என்பதால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். (நீங்களும் விற்பவரிடம் 'நான் வெளிநாட்டவர் இல்லை' என்ற உறுதிமொழியை எஸ்க்ரோ வாங்கிவிட்டதா என்று கேளுங்கள். நீங்கள் எச்-1பி-யில் இருந்தாலும், இங்கேயே வருடக்கணக்கில் வசிப்பதால் வரிக் கணக்கில் பொதுவாக உள்நாட்டவர்தான்.)

அது முன்பணமாகப் பிடிக்கும் வரி, மறுவருடம் கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தை வாங்கலாம். ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். க்ளோசிங் நாளுக்குள் 8288-பி படிவத்தில் விண்ணப்பித்தால், ஐஆர்எஸ் பதில் வரும்வரை அந்தப் பணம் எஸ்க்ரோவிலேயே இருக்கும். லாபம் குறைவு என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் மீதியை அண்ணனுக்கு விடுவிக்கலாம். இதைவிட முக்கியமானது நாள் கணக்கு. விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் தானே சொந்தக்காரராக இருந்து அங்கேயே குடியிருந்திருந்தால், ஒருவருக்கு 2.5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு மத்திய வரி இல்லை. கிளம்பி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்கிறீர்கள். கிளம்பிய நாளிலிருந்து மூன்று வருடம் முடிவதற்குள் விற்பனையை முடிக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட்டால் அந்தச் சலுகை கைநழுவும். கலிஃபோர்னியா தனியாகப் பிடிக்கும் மூன்றே கால் சதவீதத்துக்குச் சற்று மேலான தொகைக்கும், அவருக்கு ஏறக்குறைய 46,700 டாலர், அதே நிபந்தனை நிறைவேறினால் 593 படிவத்தில் விலக்கு உண்டு. இடையில் வாடகைக்கு விட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் போகட்டும். சென்னையிலிருந்து பத்திரத்தில் கையெழுத்திட அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நோட்டரி வேண்டும், அல்லது உள்ளூர் நோட்டரியும், அது வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் அப்போஸ்டில் சான்றும் வேண்டும். தூதரகத்தில் நாள் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், வாங்குபவர் முடிவான வாரத்திலேயே நேரம் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, பால் காய்ச்சுவது. நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் வீடு உங்களுடையது ஆவதில்லை. லோன் நிறுவனம் பணத்தை அனுப்பி, ஓக்லாந்தில் உள்ள கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகி எண் விழுந்த பிறகுதான். உங்கள் ஒப்பந்தம் வழக்கமான படிவமாக இருந்தால் சாவி அன்று மாலை 6 மணிக்குத்தான் கைக்கு வர வேண்டும். லோன் பணம் ஒரு நாள் தாமதமானால் எல்லாமே வெள்ளிக்கிழமைக்குப் போகும், அது அடிக்கடி நடக்கிற ஒன்று. அத்தையிடம் சொல்லி சித்திரையிலேயே அடுத்த வாரத்தில் இன்னொரு நாளையும் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பதிவு எண் வந்ததும் எஸ்க்ரோ ஆபீசர் உங்களுக்கு போன் செய்வார். அதன் பிறகு பால் வாங்கப் போங்கள்.